செவிவழிக் கல்வி



இப்பேச்சை நீங்கள் எவ்விடத்திலிருந்து கேட்கிறீர்கள் என்பதை நான் அறியேன். அடுக்களையில் உலை கொதிக்க, அதனருகில் இருந்து கேட்கலாம். கடற்கரை வாடியில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு கேட்கலாம். வயற்காவற் பரணிலே படுத்தபடியும் கேட்கலாம். வானொலியிற் பேசுபவனுக்குள்ள சங்கடம் இதுவே. வகுப்பறையிற் பேசும்போது நாற்பது முகங்கள் என் முன்னே இருக்கின்றன. ஒரு முகத்திற் சோர்வு தோன்றினாலும் பேச்சின் போக்கை உடனே மாற்றிக்கொள்வேன். இங்கோ ஒலிவாங்கி ஒன்றுதான் இருக்கிறது. அது கொட்டாவி விடுவதுமில்லை, தலையசைப்பதுமில்லை. ஆதலால், மனக்கண் முன்னே ஒருவரை இருத்திக்கொண்டு அவரோடு பேசுவதே வழியாகும்.

இன்று நான் அவ்வாறு இருத்திக்கொண்டிருப்பது என் தாயாரை. அவர் எழுத்தறியாதவர்; ஆயினும் கேட்டறிந்தவர். முல்லைத்தீவில் எங்கள் சிற்றூரிலே, காலை முதல் இரவு வரை வானொலிப் பேச்சுக்களோடு அவர் கழித்த நாளொன்றை உங்களுக்குச் சொல்லி, அதன் வாயிலாக ஒரு கருத்தையும் முன்வைக்க விரும்புகிறேன்.

முதலிற் சிறிது வரலாறு. இலங்கையில் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது 1925 டிசம்பர் 16 ஆந் திகதி. 2025 டிசம்பரோடு அதற்கு நூறாண்டு நிறைந்துவிட்டது. இலண்டனிலே பி.பி.சி. தோன்றி மூன்றே ஆண்டுகளில் கொழும்பும் பேசத் தொடங்கிற்று. தந்தித் திணைக்களத்திற் பணியாற்றிய எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளரே இம்முயற்சியின் முன்னோடி. முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு அவர் தமது பரீட்சார்த்த ஒலிபரப்பியை அமைத்தார் என்பர். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படையினருக்காகக் கொழும்பில் நிறுவிய ஆற்றல் மிக்க நிலையமும் போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949 இல் றேடியோ சிலோன் அமைந்தது; 1950 இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது; 1967 ஜனவரி 5 ஆந் திகதி அது கூட்டுத்தாபனமாயிற்று; 1972 இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. போருக்கென்று செய்த கருவிகள் இருமுறையும் பாட்டுக்கும் பேச்சுக்கும் பயன்பட்டமை நினைவில் இருத்தத்தக்கது.

இது கொழும்பின் கதை. இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

ஒருபுறம் நந்திக்கடல், மறுபுறம் வயல்வெளி. கடற்றொழில் செய்வோரும் கமஞ்செய்வோரும் அடுத்தடுத்து வாழும் ஊர் அது. 1970களின் பிற்பகுதியில், நான் சிறுவனாயிருந்த காலத்தில், அங்கே மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது நான்கு பற்றறிகளில் இயங்கும் றேடியோ ஒன்று. அந்நாளில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அதற்கென்று அனுமதிப்பத்திரம் எடுத்தல் வேண்டும். என் தந்தையார் அந்தப் பத்திரத்தைக் காணி உறுதியோடு சேர்த்துத் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். றேடியோவுக்கு அம்மா பூவேலை செய்த துணியொன்றால் உறை தைத்திருந்தார். எங்களுக்கெல்லாம் இல்லாத புதுச்சட்டை அதற்கு இருந்தது.

விடியற்காலையில் மங்கள இசை எழும். அதனையடுத்து நற்சிந்தனை. சைவம், இஸ்லாம், கிறிஸ்தவம் என்று ஒவ்வொரு சமயத்தாரும் சில நிமிடங்கள் பேசுவார்கள். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டே கேட்பார். தம் சமயத்துப் பேச்சு முடிந்ததும் பெட்டியை மூடிவிடுவோர் அயலிலே சிலர் இருந்தனர். அம்மா மூடியதில்லை. பற்றறி தேய்கிறதென்று தந்தையார் முணுமுணுத்தால், “நல்ல சொல்லுக்கு ஆரின்ர வீடெண்டு கேக்கிறதே?” என்பார். குர்ஆனின் கருத்தையும் விவிலியத்தின் உவமையையும் அவர் அறிந்துகொண்டது முற்றம் கூட்டிய அந்தக் காலைப்பொழுதுகளிலேதான்.

செய்திக்குப் பின் வானிலை அறிவித்தல். அப்போது எங்கள் படலையடியில் நாலைந்து கடற்றொழிலாளர் வந்து நிற்பர். திருகோணமலையிலிருந்து முல்லைத்தீவு ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு என்று அறிவிப்பாளர் சொல்லும்போது ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். தம் ஊரின் பெயரைத் தொலைவிலுள்ள ஒருவர் வாயாற் கேட்பதில் ஒரு பெருமிதமும் அவர்களுக்கு இருந்தது. ஆயினும் அவர்கள் அறிவித்தலை மட்டும் நம்பிக் கடலுக்குச் சென்றாரல்லர். வாடைக்காற்றா, சோளகமா, கச்சானா என்பதைத் தம் கன்னத்தால் அறிந்தவர்கள். பெட்டி சொன்ன காற்றையும் கன்னத்திற் பட்ட காற்றையும் ஒப்பிட்டபின்னரே வள்ளத்தைத் தள்ளுவார்கள். கேட்டதைக் கண்டதோடு ஒப்பிடுதல் என்னும் இந்தப் பழக்கத்தைப் பின்னர் ஒரு காலத்தில் ஊர் முழுவதுமே கைக்கொள்ள நேர்ந்தது. அதனை உரிய இடத்திற் சொல்வேன்.

பாடசாலையில், கல்விச் சேவை ஒலிபரப்பாகும் வேளையில் ஆசிரியர் றேடியோவை மேசைமேல் வைப்பார். ஐந்து வகுப்புக்களுக்கு இரண்டே ஆசிரியர்கள் இருந்த பாடசாலை எங்களுடையது. பெட்டியினுள்ளே இருந்த ஆசிரியர் எங்களுக்கு மூன்றாமவர். அவர் எங்களை அடித்ததில்லை. வரவுப் பதிவு எடுத்ததுமில்லை. ஆனால் அவர் ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லமாட்டார் என்பதனால், நாங்கள் அவருக்கு அளித்த கவனத்தை வேறெவருக்கும் அளிக்கவில்லை.

நடுப்பகலிற் பெண்களுக்கான நிகழ்ச்சிகள் வரும். இவ்விடத்தில் ஒரு சம்பவத்தைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும்.

1980களின் தொடக்கத்தில் ஒருநாள், வைத்தியர் ஒருவர் பேசினார். குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் கண்டால் உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன. உயிரைக் கொல்வது பெரும்பாலும் அந்த வரட்சியே. வயிற்றோட்டம் நிற்கட்டுமென்று தண்ணீரை நிறுத்துவது பெரும் பிழை என்று அவர் விளக்கினார். பின்னர் அளவைச் சொன்னார். கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர். சீனி, தேக்கரண்டியால் மட்டமாக ஆறு. உப்பு, மட்டமாக அரைத் தேக்கரண்டி. வெறும் நீர் கொடுத்தாற் போதாதா என்று கேட்பவருக்கு, சீனி குடலிலே உப்பை உள்ளிழுக்கத் துணைசெய்கிறது, உப்போடு நீரும் உள்ளே செல்கிறது என்று காரணமும் காட்டினார்.

இதுவரை அது நல்ல பேச்சு. அதன்பின் அவர் செய்ததே அதனைச் சிறந்த பேச்சாக்கியது. “லீற்றர் அளவை எத்தனை வீட்டில் இருக்கிறது?” என்று தாமே கேட்டார். “கடையில் எண்ணெய் வாங்கும் போத்தல் இருக்கிறதல்லவா? அதில் ஒரு போத்தலும், இன்னொரு போத்தலின் மூன்றிலொரு பங்கும் சேர்ந்தால் ஒரு லீற்றர்,” என்றார். அளவை மும்முறை சொன்னார். மூன்றாம் முறை, “இப்போது நீங்கள் சொல்லுங்கள்,” என்று சொல்லிச் சிறிதுநேரம் மௌனமாயிருந்தார். உரலடியில் உலக்கையைப் பிடித்தபடி அம்மா வாய்விட்டுச் சொன்னார்: “ஒரு போத்தலும் மூண்டிலொரு பங்கும். சீனி ஆறு. உப்பு அரை.”

1996 இல் போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வன்னியின் மரநிழல்களையெல்லாம் நிறைத்தன. எங்கள் வளவின் மாமரத்தடியிலும் ஒரு குடும்பம் தங்கியிருந்தது. அவர்களின் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மாலையில் வயிற்றோட்டம் கண்டது. இரவானதும் கண்கள் குழிவிழுந்தன. அழுதாற் கண்ணீர் வரவில்லை. வைத்தியசாலைக்குச் செல்ல விடியவேண்டும். குழந்தையின் தாய் பயத்தினால் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தியிருந்தாள். அம்மா போத்தலை எடுத்தார். ஒரு போத்தலும் மூன்றிலொரு பங்கும், சீனி ஆறு, உப்பு அரை. சீனி அக்காலத்திற் பொன்னைப்போல் அரிதாயிருந்தது. அயலில் மூன்று வீடுகளிற் கேட்டு ஆறு கரண்டி சேர்த்தார். விடியும்வரை கரண்டி கரண்டியாக ஊட்டினார்கள். காலையிற் குழந்தை அழுதபோது கண்ணில் நீர் வந்தது. அதன்பின்னரே துவிச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒரு பேச்சு. எழுதி வைக்கவில்லை, எழுதத் தெரியாது. அந்த வைத்தியரின் பெயரையும் அம்மா மறந்துவிட்டார். அளவை மறக்கவில்லை. வானொலிப் பேச்சின் பயனை எடைபோட வேறு துலாக்கோல் வேண்டுமோ?

திருவள்ளுவர் கல்வி என்று ஓரதிகாரம் வகுத்தார். அடுத்துக் கல்லாமை என்றார். அதற்கு அடுத்ததாகக் கேள்வியை வைத்தார். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்னும் இந்த வரிசையை மாணவர்க்குக் கற்பிக்குந்தோறும் என் தாயாரை நினைப்பேன். கல்வி வாய்க்காதவருக்குக் கதவு அடைபட்டுவிடவில்லை, அடுத்த வாயில் செவி என்று அந்த வரிசையே சொல்லாமற் சொல்கிறது.

பிற்பகலில் மரண அறிவித்தல் வரும். இதனைப் பேச்சு என்று கணக்கிடலாமோ என்று சிலர் ஐயுறலாம். எங்கள் பகுதியில் அதைவிடக் கவனமாகக் கேட்ட நிகழ்ச்சி வேறில்லை. இன்னார் காலமானார், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னாரின் மைத்துனர் என்று உறவுகள் ஒவ்வொன்றாக வரும்போது, கேட்பவர் தமக்கும் அந்தச் சங்கிலியில் ஒரு வளையம் உண்டோ என்று எண்ணிக்கொண்டிருப்பார். திருகோணமலையில் வாழ்ந்த தம் தமக்கையாரின் மறைவை என் பாட்டனார் அவ்வாறே அறிந்தார். தந்தி மறுநாள்தான் வந்தது. வானொலி கேட்டவுடன் புறப்பட்டமையால் தீ மூட்டுமுன் முகத்தைக் கண்டார். அந்த அறிவித்தலை வாசித்தவர் முன்பின் அறியாத ஒருவர். ஆனால் பெயர்களை விழுங்காமல், ஊரின் பெயரைப் பிழையின்றி, அவசரமின்றி வாசித்தார். அந்தச் சில விநாடிகளின் மரியாதையைப் பாட்டனார் இறுதிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலையிற் சிறுவர் நிகழ்ச்சியும், பின்னர் கமக்காரருக்கான பேச்சும் ஒலிக்கும். காலபோகத்துக்கு எவ்வினம் விதைக்கலாம், அறக்கொட்டிப் பூச்சி கண்டால் என்செய்வது என்பனவெல்லாம் அங்கே பேசப்படும். சிலவேளை பேசுபவர் எங்கள் மண்ணை அறியாதவர் என்பது தெரிந்துவிடும். குளத்து நீரே கிடையாத மானாவாரி வயற்காரருக்கு அவர் வாய்க்கால் நீரின் அளவைச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்போது என் தந்தையார், “உவர் ஆரோ வேற ஆக்களோட கதைக்கிறார்,” என்று எழுந்துவிடுவார். நேயர்களே, வானொலிப் பேச்சுக்குச் சொல்லப்பட்ட விமரிசனங்களுள் இதனினும் கூர்மையான ஒன்றை நான் இன்றுவரை படித்ததில்லை.

இரவிலே இலக்கியமும் வரலாறும் விஞ்ஞானமும் பற்றிய பேச்சுக்கள். பரணிலே பன்றிக்கும் யானைக்கும் காவலிருந்தவர்கள் அவற்றைக் கேட்டார்கள். பட்டம் பெற்ற அறிஞர் ஒருவர் கொழும்பிலே பேச, கோவணத்தோடு தீவெட்டி பிடித்தவர் வன்னிக் காட்டோரத்தில் அதைக் கேட்டு மறுநாள் கிணற்றடியில் விவாதித்தார். இவ்வாறு இருவரையும் ஒரே திண்ணையில் இருத்த வேறெந்தச் சாதனத்தால் முடிந்தது?

இந்தக் கலையைத் தமிழிற் செம்மைப்படுத்தியவர்களுள் ஈழத்தவரான சோ. சிவபாதசுந்தரம் அவர்கள் முதல்வரிசையில் நிற்பவர். ஈழகேசரியின் ஆசிரியராயிருந்து பின் வானொலிக்கு வந்தவர், பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை என்று பெயர் சூட்டியவர்; ஒலிபரப்புக் கலை என்னும் நூலை 1950களிலேயே எழுதியவர். மேடைப்பேச்சு வேறு, வானொலிப்பேச்சு வேறு என்பது இன்று எல்லாரும் அறிந்த செய்தி. மேடையிற் பேசுபவர் கூட்டத்தை நோக்கிக் குரலை உயர்த்துகிறார். வானொலியிற் பேசுபவரை ஆயிரம்பேர் கேட்டாலும், ஒவ்வொருவரும் தனியே கேட்கிறார். அந்த ஒருவருக்காக எழுதி, எழுதியதை எழுதியதாகத் தோன்றாமல் வாசிப்பதே இதன் நுட்பம்.

1990 இல் மீண்டும் போர் மூண்டபின் வன்னிக்குள் வர அனுமதியில்லாத பொருள்களுள் பற்றறியும் ஒன்றாயிற்று. வானொலிப் பெட்டிகள் ஊமையாயின. சிலர் பழைய பற்றறியில் துளையிட்டு உப்புநீர் ஊற்றி ஓரிரு நாள் உயிர் கொடுத்தனர். பின்னர் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னால் றேடியோவை இயக்கினோம். சுற்றுபவரின் கை தளர்ந்தாற் குரலும் தளரும். சில்லின் இரைச்சலாற் சுற்றுபவருக்கு எதுவும் தெளிவாகக் கேளாது. மற்றவர்கள் கேட்டு அவருக்குச் சொல்வார்கள். நான் பல இரவுகள் அவ்வாறு சுற்றியவன். பிறர் கேட்பதற்காக உழைத்து, பிறர் வாயாலே கேட்டறிந்தேன். ஆசிரியத் தொழிலுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி எனக்கு வாய்க்கவில்லை.

அக்காலத்தில் கொழும்பைக் கேட்டோம்; இலண்டன் தமிழோசையைக் கேட்டோம்; மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸைக் கேட்டோம்; களத்திலிருந்து எழுந்த குரலையும் கேட்டோம். கடற்றொழிலாளர் காற்றை ஒப்பிட்டதுபோல ஊரே சொல்லை ஒப்பிடலாயிற்று. இன்ன நிலையம் எதைச் சொன்னது, எதைச் சொல்லாது விட்டது, யார் எங்கிருந்து பேசுகிறார் என்று எழுத்தறியாத முதியவர்களும் ஆராய்ந்தார்கள்.

ஓர் இரவை மறக்கமுடியாது. அந்நாட்களிற் செல்வீச்சுக்கு அஞ்சி எங்கள் வளவிற் பதுங்குகுழியருகே கூடியிருந்தோம். ஒரு நிலையம் எங்கள் ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே இப்போது பொதுமக்கள் எவருமில்லை என்று அறிவித்தது. அந்த அறிவித்தலைக் கேட்டுக்கொண்டிருந்த பொதுமக்கள், நாங்கள், பதினெட்டுப் பேர். ஒருவரும் பேசவில்லை. சில்லைச் சுற்றிக்கொண்டிருந்த நான் மட்டும், “என்ன சொன்னவன்?” என்று கேட்டேன். அம்மா, “நாங்கள் இல்லையாம்,” என்றார்.

கேட்பவர் இருக்கிறார் என்பதை மறந்த குரல் எத்தகைய கொடுமையைச் செய்யவல்லது என்பதை அன்றறிந்தேன். தேக்கரண்டி அளவை மும்முறை சொல்லி, கேட்பவர் விடையளிக்க மௌனமாய் நின்ற குரலும் அதே பெட்டியிலிருந்துதான் வந்தது. கருவி ஒன்றே, வேறுபாடு, பேசுபவர் தம்முன்னே யாரை இருத்திக்கொண்டு பேசுகிறார் என்பதில் இருக்கிறது. இன்று நான் முன்வைக்க விரும்பிய கருத்து இதுவே.

குரல் வராமையும் ஒரு குறையே. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவின் அருகே கடலடியிற் பூமி நடுங்கியபோது இங்கே காலை ஏழு மணியாகச் சில நிமிடங்களே இருந்தன. பேரலை எங்கள் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. அந்த இரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கும் சொல் ஒன்றும் எங்களை வந்தடையவில்லை. இந்துமாகடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. கடற்கரையிலிருந்து வயல்வெளிக்கு நடக்க அரைமணி நேரம் போதும். முல்லைத்தீவுக் கரை அன்று இழந்த உயிர்களை எண்ணுந்தோறும், அந்த இரண்டு மணி நேரத்தின் மௌனத்தையும் எண்ணாதிருக்க முடிவதில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் நாட்டைச் சூழ்ந்தபோது, பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அறுந்தன. கைப்பேசியையே நம்பியிருந்த வீடுகள் திடீரென்று செவிடாயின. பற்றறியில் இயங்கும் சிறு வானொலி இருந்த வீடு எத்தனை? இன்று பற்றறிக்குத் தடையில்லை. எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் பெட்டி இல்லை. பெட்டி இருந்தாலும் கேட்கும் பழக்கம் இல்லை. சிற்றலைவரிசையில் எங்களுக்குத் துணைநின்ற தமிழோசையும் எழுபத்தாறு ஆண்டுகள் ஒலித்தபின் 2017 ஏப்பிரல் 30 ஆந் திகதி ஓய்ந்துவிட்டது.

இளைஞர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் கையிலுள்ள கருவியிற் படமும் உண்டு, பாட்டும் உண்டு, உலக அறிவும் உண்டு. ஆயினும் ஒரு குரலைப் பத்து நிமிடம் இடையறாது பின்தொடரும் வலிமை குறைந்து வருகிறது என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் அறிவார். இதற்கு என் பாடசாலையில் ஒரு சிறு முயற்சி செய்தோம். பெரிய செலவில்லை, பழைய வேட்டியொன்றே தேவைப்பட்டது.

வெள்ளிக்கிழமைகளில் முதற்பாடவேளையில், வகுப்பின் ஒரு மூலையில் அந்த வேட்டியைத் திரையாகக் கட்டுவோம். ஒரு மாணவர் திரைக்குப் பின்னாலிருந்து ஐந்து நிமிடம் பேசவேண்டும். முகம் தெரியாது; கையசைவு தெரியாது. எழுதும்போது, வகுப்பிலுள்ள ஒருவரை மனத்திற்கொண்டு அவருக்கு விளங்கும்படி எழுதவேண்டும். கேட்பவர்கள் முடிந்தபின் மூன்று செய்திகளைச் சொல்லவேண்டும். முதல் வாரம் சிரிப்பே மிகுந்தது. மூன்று செய்திகளைச் சொன்னவர் இருவர்தாம். இரண்டாம் வாரமும் பெரிதாக மாறவில்லை. இது வீண்வேலை என்று சக ஆசிரியர் ஒருவர் அன்போடு எச்சரித்தார். ஒரு தவணை முடிவிலேதான், பேச்சு முடிந்ததும் மாணவர்கள் தாமாகவே கேள்வி கேட்கத் தொடங்கினர்.

ஒருநாள், கடற்றொழிலாளர் குடும்பத்து மாணவி ஒருத்தி கரைவலையைப் பற்றிப் பேசினாள். வலை எவ்வாறு அரைவட்டமாக வளைக்கப்படும், இரு கரைகளிலும் எத்தனை பேர் இழுப்பர், மடியில் மீன் நிறைந்ததை இழுப்பவரின் தோள் எவ்வாறு முதலில் அறியும் என்று சொன்னாள். அவள் மனத்தில் இருத்தியது கமக்காரர் வீட்டு மாணவன் ஒருவனை. ஆதலால் மடியின் அளவைச் சொல்ல நெல்மூட்டையை உவமை கூறினாள். முடிந்ததும் அவன் எழுந்து, “நீ எப்பவாவது வலை இழுத்திருக்கிறியா?” என்று கேட்டான். திரைக்குப் பின்னாலிருந்து விடை வந்தது: “இல்லை. அப்பா வந்து சொல்லுறதைக் கேட்டனான்.”

அம்மா அப்போது உயிரோடிருந்திருந்தால் அவருக்கு அந்தப் பேச்சைக் கேட்கக் கொடுத்திருப்பேன்.

நேயர்களே, என் பேச்சு முடியும் நேரம் வந்துவிட்டது. மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, காப்பாற்றுவது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நூல்கள் அழிந்ததை உலகம் கண்டது. பேச்சோ எரியாமலே மறைந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் முன்னோர் வானொலியிற் பேசிய பேச்சின் கையெழுத்துப்படியோ, ஒலிநாடாவோ இருந்தால், அதைக் கறையானுக்கு விடாதீர்கள். அருகிலுள்ள பாடசாலைக்கோ நூலகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள்.

இரண்டாவது, கேட்பது. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஒரு பேச்சை எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். முடிந்தபின் பிள்ளைகளிடம், “என்ன சொன்னார்? நீ அதை ஒப்புகிறாயா?” என்று கேளுங்கள். பற்றறியில் இயங்கும் சிறு பெட்டியொன்றையும் வீட்டில் வைத்திருங்கள். மாரிகாலம் வரும், அது நம்மைக் கேட்டு வருவதில்லை.

மூன்றாவது, பேசுவது. இது ஒலிபரப்பாளருக்கும் எங்களுக்கும் பொதுவானது. வன்னியைப் பற்றிப் பிறர் பேசக் கேட்டு நீண்ட காலம் இருந்துவிட்டோம். கரைவலை இழுப்பவரும், குளக்கட்டுக் காப்பவரும், கிராம மருத்துவமாதும் தத்தம் தொழிலைப் பற்றித் தத்தம் குரலிற் பேசவேண்டும். அவர்களை ஒலிவாங்கியின் முன்னே அழைத்துவருவது பொதுமக்களின் வானொலிக்குரிய கடமை. அவர்கள் கூச்சப்பட்டால், ஒரேயொரு வழியைச் சொல்லிக்கொடுங்கள்: மனக்கண் முன்னே ஒருவரை இருத்துங்கள், அவர் இருக்கிறார் என்று நம்புங்கள், பின்பு பேசுங்கள்.

நான் இருத்திய என் தாயார் இவ்வளவு நேரமும் உரலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இனி அவருக்கு வேலையிருக்கும், உங்களுக்கும் இருக்கும்.